பிளை

பிலோமினா தூண்டில் வீசும் சத்தம் ராஜவாய்க்கால் கரையில் யாருக்கும் பிடிக்கவில்லை.

பெரிய சத்தம் இல்லை. ஈரத்துணியை உதறினால் வருகிற அளவுதான். ஆனாலும் காலையில் அது கேட்டதும், எதிர்க்கரையில் எருவாட்டி தட்டிக்கொண்டிருக்கும் மொக்கம்மாள் கையை நிறுத்திவிடுவாள். "ஆரம்பிச்சுட்டாடி சாட்டக்காரி" என்பாள், வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி.

தேனிக்கு ரயில் வந்து சில வருஷங்களே ஆகியிருந்தன. அதற்குள் சந்தை பெருத்துவிட்டது, பருத்தி அரைக்கும் ஆலைகள் வந்துவிட்டன, வண்டிப்பேட்டையில் மாடு கட்ட இடமில்லை. ராஜவாய்க்கால் இத்தனைக்கும் நடுவே ஓடியது. மாடு குளிப்பாட்டுவது, சாயநூல் அலசுவது, பாத்திரம் விளக்குவது எல்லாம் அதில்தான். அந்தத் தண்ணீரிலும் மீன் இருந்தது. கெண்டை, கெளுத்தி, ஆரால். வலை போடும் உரிமையை ஏலத்தில் எடுத்திருந்தவன் ஒச்சாண்டி, மொக்கம்மாளின் தம்பி. தூண்டிலுக்கு ஏலம் கிடையாது, யாரும் போடலாம் என்பது ஊர் வழக்கம். அந்த வழக்கம் ஏற்பட்ட காலத்தில் தூண்டில் என்றால் மண்புழுவும் தக்கையும் கரையில் உட்கார்ந்து தூங்கும் கிழவர்களும்தான். பிலோமினா மாதிரி ஒருத்தியை யாரும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

அவள் மூணாறில் பிறந்தவள். அவளுடைய அப்பா பங்கிராஸ், துரைமார் கொண்டுவந்து ஓடைகளில் விட்ட மீன்களுக்குக் காவல்காரர். துரைமார் புழு குத்தமாட்டார்கள். கோழியிறகையும் பட்டுநூலையும் ஏதாவது மிருகத்தின் மயிரையும் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றி, பூச்சியைப் போலச் செய்து, தண்ணீர்மேல் பட்டும் படாமல் போடுவார்கள். அதற்கு இங்கிலீஷில் ஃப்ளை என்று பெயர். பங்கிராஸ் வாயில் அது பிளை. கட்டிக் கொடுப்பதும் அவர் வேலைதான். சின்ன விரல் தேவைப்பட்டதால் மகளும் கட்டினாள். இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்தில் ஓடைகளோடு அவரும் போய்விட்டார். மிஞ்சியது நுனி முறிந்த ஒரு கம்பு, ஒரு சுருள் பட்டுக்கயிறு, புகையிலை டப்பா நிறைய முள். அவற்றை எடுத்துக்கொண்டுதான் பிலோமினா இஞ்ஞாசிமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

இஞ்ஞாசிமுத்துவுக்கு ரயில்வே கேட்டில் வேலை. வாய்க்கால் வளைகிற இடத்தில் அவனுடைய அப்பா எழுப்பிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. அதைத் தவிர அவர்களுக்கு உலகத்தில் ஒரு சாண் இடம் கிடையாது. அந்த வளைவில்தான் தண்ணீர் ஆழம், மீன் தங்குவதும் அங்கேதான். அங்கே கரையில் வீடு இல்லாவிட்டால் நின்று வலை இழுக்கலாம். ஒச்சாண்டி அந்த வீட்டை முதலில் தன்மையாகக் கேட்டான். பிறகு அதட்டிக் கேட்டான். இஞ்ஞாசிமுத்து ஒவ்வொரு தடவையும் "ரோசிச்சுச் சொல்றேண்ணே" என்று தலையைச் சொறிவான். பிலோமினா பேசமாட்டாள். அவளுக்கு நாலு பேர் முன்னால் பேச்சு வராது. எழுந்து போய்க் கதவைச் சாத்துவாள்.

ஆடிக்காற்று ஒரு நாள் காலையில் அவளுடைய வீச்சைக் கெடுத்தது. கயிறு எதிர்க்கரை வரைக்கும் போய், மொக்கம்மாள் வீட்டுப் புங்கமரத்துத் தாழ்ந்த கிளையில் மாட்டியது. இழுத்தாள். கயிற்று நுனியில் பிளையைக் கட்டியிருந்த நரம்பு அறுந்து, பிளை அங்கேயே நின்றுவிட்டது. இலைக்கு நடுவில் செம்பட்டை நிறத்தில் அது ஆடுவது இங்கிருந்தே தெரிந்தது. எடுக்க வேண்டுமானால் பாலம் சுற்றிப் போய், மொக்கம்மாள் வாசலில் நின்று கேட்க வேண்டும். நாளைக்குக் கேட்கலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். அடுத்த நாள் பார்த்தபோது கிளையில் அது இல்லை.

அந்தப் புங்கமரத்தடியில் கட்டியிருந்த மொக்கம்மாளின் கறவைப் பசு தீனி எடுக்காமல் நின்றது. வாய் வீங்கி எச்சில் ஒழுகியது. ஒச்சாண்டி வந்து தாடையைப் பிளந்து பார்த்தான். உதட்டின் உட்புறத்தில் குத்தி நின்றதைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, சூடு பட்டவன் மாதிரி அதைக் கீழே போட்டான்.

"யக்கா, தொடாத! செய்வினை இது. யாரோ வச்சிருக்காக."

யாரோ என்று சொல்லும்போதே அவன் கண் வளைவு வீட்டைப் பார்த்தது.

சாயங்காலம் மந்தையில் கூட்டம் கூடியது. நாட்டாமை ராக்கையா நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் ஒரு உடைந்த ஓட்டில் அந்தப் பிளை கிடந்தது. அதைச் சுற்றி ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டுத்தான் எல்லோரும் நின்றார்கள். இஞ்ஞாசிமுத்து மனைவிக்கு இரண்டடி தள்ளி நின்று தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மொக்கம்மாள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "பாத்துக்கங்க நாட்டாமை. கருஞ்சேவ எறகு. செவப்பு நூலு. உள்ள இரும்பு. இன்னும் என்னா வேணும்? அந்த மயிரப் பாருங்க, செம்பட்ட மயிரு. அது எங்க வீட்டுக் கோம்பை நாயி மயிரு! எங்க வீட்டுப் பொருள எடுத்து எங்களுக்கே வச்சிருக்கா பாதகத்தி."

அது அந்த நாயின் மயிர்தான். பாலத்தடி வேலியில் அந்த நாய் முதுகு உரசும். முள்ளில் ஒட்டிய மயிரைப் பிலோமினா எடுத்து வைத்துக்கொள்வாள். வாய்க்காலில் எழும்பும் பூச்சிக்கு அந்த நிறம்தான் பொருந்தியது. கருஞ்சாம்பல் நிறத்துக்கும் மஞ்சளுக்கும் கெண்டை எழும்பவே இல்லை. பல மாதம் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இதை எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ராக்கையா பல்குச்சியால் ஓட்டைச் சுட்டினார். "இதென்னாத்தா?"

அவள் உதடு அசைந்தது.

"காத்தடிக்குது, ஒண்ணும் கேக்கல. ஒரக்கச் சொல்லு."

"பிளைங்க."

கூட்டம் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டது. அந்த ஊர் நாக்கில் ழகரம் புழங்குவதில்லை. மழை மளைதான், புழு புளுதான், பிழையும் பிளைதான். பிலோமினாவுக்கு அது உறைப்பதற்குள் ஒச்சாண்டி துண்டை உதறிக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

"கேட்டீகளா எல்லாரும்? அடிக்கல, மெரட்டல. அவ வாயாலயே பிளைன்னு ஒத்துக்கிட்டா!"

ராக்கையா முகத்தை இறுக்கிக்கொண்டார். "யாரு பிளை?"

"என் பிளைதாங்க. நாந்தான் கட்டுனேன். மாட்டுக்கு ஆகணும்னு இல்லீங்க, கைதவறி..."

"மாட்டுக்கு ஆகணும்னு இல்லியாம்! அப்ப யாருக்குடி வச்ச? எனக்கா, எம்பிள்ளைகளுக்கா?" மொக்கம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஆறு வருசமா வயிறு தெறக்காதவ, அடுத்த வீட்டு மடியப் பாத்து எரிஞ்சிருக்கா!"

"இந்த மாதிரிப் பிளை இன்னும் பண்ணிருக்கியா?" என்றார் ராக்கையா.

பிலோமினா பொய் சொல்லிப் பழகாதவள். "டப்பா நெறைய இருக்குங்க" என்றாள்.

யாரோ ஒரு கிழவி எழுந்து பேரப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒச்சாண்டி சிரிப்பை மறைக்க வாயைத் துடைத்துக்கொண்டான்.

"குடியக் காலி பண்ணச் சொல்லுங்க நாட்டாமை. வீட்ட நான் பாத்துக்கிறேன். அண்ணந்தம்பி மாதிரிப் பழகுன முத்துக்கு நான் கொறை வைக்க மாட்டேன்."

அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. கோபத்தில்தான் வந்தது. "அது மீன் புடிக்கிற சாமானுங்க. பூச்சின்னு நெனச்சு மீனு கடிக்கும். புடிச்சுக் காட்டுறேன்."

"புளு இல்லாமயா?"

"ஆமாங்க."

"எரை ஒண்ணுமே இல்லாம, இந்த எறகையும் மயிரையும் பாத்து மீனு வருமா?" ராக்கையா சுற்றிலும் பார்த்தார். சிலர் சிரித்தார்கள். "சரி, வெடிஞ்சதும் எல்லாரு முன்னாடியும் வாய்க்கால்ல புடி. மீன் புடிக்கிற சாமான்னு காட்டிட்டா வீடு ஒனக்கு. இல்லேன்னா ஒச்சாண்டிக்கு விட்டுட்டு ஊரப் பாத்துப் போயிரணும். நான் சொன்னாச் சொன்னதுதான்."

வீட்டுக்கு வந்ததும் இஞ்ஞாசிமுத்து சொன்னான்: "ராயப்பம்பட்டில சித்தப்பாக இருக்காக. போயிருவமே."

"அவுக வீட்டுல எங்கன படுக்குறது?"

"ஏன் பிலோமி, ஒனக்கு வேற மயிரே கெடைக்கலயா? அந்த நாயி மயிருதான் கெடச்சுச்சா?"

"அந்த நெறந்தான் எடுபடுது."

அவள் புதிய நரம்பை நனைய வைத்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்து அவள் வெளியே வந்தபோது வளைவு முழுக்கச் செம்மண் குழம்பாக இருந்தது. மேல்பக்கத்தில் எருமைகள் இறங்கி நின்றன. அவை யாருடையவை என்று கேட்க வேண்டியதில்லை. ஒச்சாண்டி கரையில் நின்று, எருமைகளைப் பார்த்து "ஏலே, கரைக்கு வாங்கடா, ஆத்தா மீன் புடிக்கணுமாம்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பாலத்தின்மேலும் இரண்டு கரையிலும் ஊர் நின்றது. வேலைக்குப் போகிறவர்கள்கூடச் சோற்றுத் தூக்கோடு நின்றார்கள்.

கலங்கலில் மீன் மேலே பார்க்காது. பார்த்தாலும் எதுவும் தெரியாது. பிலோமினா கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

"எங்கன போற? இங்கனதான் புடிக்கணும்!" என்று கத்தினான் ஒச்சாண்டி.

"வாய்க்காலுன்னுதான் சொன்னாக. இடம் சொல்லல" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். ராக்கையா போகட்டும் என்று கையசைத்தார். ஊர் பின்னாலேயே வந்தது.

பருத்தி ஆலையின் பின்சுவரில் ஒரு ஓட்டை உண்டு. ஆலைக் கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீர், எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு அது வழியாக வாய்க்காலில் விழும். விழுகிற இடத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தெளிவாக இருக்கும். செங்கலும் சங்குப்பூக்கொடியும் நிழல் கொடுக்கும். இளஞ்சூட்டுக்குப் பூச்சி அங்கே சேரும். அவள் நாலடி தள்ளி, சுவரோரம் குனிந்து நின்றாள். நிழல் தண்ணீரில் விழக்கூடாது.

"சாமி கும்புடுறா போல" என்றது ஒரு குரல்.

"எந்தச் சாமியோ."

முதல் வீச்சு எட்டாமல் கிட்டத்திலேயே விழுந்தது. இரண்டாவது கொடியில் உரசியது. பின்னால் சிரித்தார்கள். மூன்றாவதில் கயிறு அவள் தலைக்குப் பின்னால் முழுக்க நீண்டு, ஒரு கணம் நின்று, முன்னால் திரும்பியது. பிளை தெளிந்த தண்ணீரின் விளிம்பில் இறங்கி, அசல் பூச்சி எப்படிச் சுழலுமோ அப்படிச் சுழன்று நகர்ந்தது. அடியிலிருந்து ஒரு வெள்ளித் தகடு புரண்டு மேலே வந்தது. வாய் திறந்ததை முன்வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் கம்பை உயர்த்தினாள். கம்பு வில்லாக வளைந்தது. மீன் சுவருக்குக் கீழே போகப் பார்த்தது, போக விடவில்லை. கலங்கலுக்குள் ஓடியது, கயிற்றை விட்டுக் கொடுத்தாள். கடைசியில் கரைமண்ணில் சரிந்து வந்து படுத்தது. முழங்கை நீளக் கெண்டை. அதன் உதட்டோரத்தில், பசுவுக்குக் குத்திய அதே இடத்தில், செம்பட்டை மயிர் ஈரமாக ஒட்டியிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தாள். ஆலை எஞ்சின் மட்டும் டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. சிரித்தவர்களின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. இருந்ததை அவளுக்கு அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பயம்.

மொக்கம்மாள்தான் முதலில் பேசினாள், தாழ்ந்த குரலில். "எரை இல்ல. புளு இல்ல. ஒண்ணுமே இல்ல. கூப்புட்டா வந்துருச்சே."

"கண்ணால பாத்தமே" என்றது இன்னொரு குரல். "மயிரக் காட்டுனா வருதே."

"இன்னைக்கு மீனு. நாளைக்கு அவ வீட்டுல இருக்குற மயிரு எம்பிள்ள மயிரா இருந்தா?"

பிலோமினா ராக்கையாவைப் பார்த்தாள். "புடிச்சுட்டேங்க."

"புடிச்சுட்ட, இல்லேன்னு சொல்லல." அவர் மீனிடமிருந்து ஒரு அடி பின்னால் நகர்ந்திருந்தார். "மீன் புடிக்கிறவளுக்குத்தான் வீடுன்னேன். மீனக் கூப்புடுறவளுக்குச் சொல்லலையே ஆத்தா. எரையில்லாம ஒரு உசுர வரவைக்கிறது என்னான்னு எங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம சந்தைக்குள்ள காலி பண்ணிருங்க."

தோற்றிருந்தால் பொய்க்காரியாகப் போயிருப்பாள். ஜெயித்ததில் சூனியக்காரி ஆகிவிட்டாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. மீனைச் செவுளில் கோத்து எடுத்துக்கொண்டு நடந்தாள். கூட்டம் விலகியது. தேவைக்கு மேலேயே விலகியது. பெண்கள் முந்தானையால் பிள்ளைகளின் தலையை மூடினார்கள். குறுகலான கரைப்பாதையில் ஒச்சாண்டி எதிரே நின்றான். ஆறு வருஷமாக அந்தப் பாதையில் அவன் வழிவிட்டதில்லை. அவள்தான் சகதியில் இறங்கிச் சுற்றிப் போவாள். இன்று அவன் அவளைப் பார்த்தான், கம்பைப் பார்த்தான், வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றான்.

பிலோமினா அதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தாள். பகல் முழுக்க உட்கார்ந்து கட்டினாள். கருஞ்சேவல் இறகு, சிவப்பு நூல், நாய் மயிர். தன் கூந்தலிலிருந்தும் கொஞ்சம் கத்தரித்துச் சேர்த்தாள். மீனுக்கு அது தேவையில்லை. பழசும் புதுசுமாக எல்லாவற்றையும் ஒரு நீளமான சிவப்பு நூலில் வரிசையாகக் கோத்து, வீட்டைச் சுற்றியிருந்த கிளுவை வேலி நெடுகக் கட்டினாள். வாசலில் கதவாக இருந்த வேலிப் படலின் இரண்டு பக்கத் தூணுக்கும் நடுவே, ஆள் தலைக்குச் சற்றுக் கீழே, ஒரு சரம் தொங்கவிட்டாள். ஆடிக்காற்றில் அத்தனையும் உயிருள்ளவை போல் துடித்தன.

ஒச்சாண்டி ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே வலைக்கம்பு ஊன்றும் ஆட்களோடு வந்தான். ஆட்கள் வேலியைக் கண்டதும் நின்றார்கள். ஒருவன் தோளிலிருந்த கம்பை மெல்ல இறக்கி வைத்தான்.

"ஏய், இத அவுத்துப் போடு" என்றான் ஒச்சாண்டி.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். "நீங்களே அவுத்துக்கங்க."

"வெளையாடாத. அவுருங்குறேன்."

"என் பிளைதானண்ணே. பெரியவுக நீங்கதான் பொறுத்துக்கணும்."

அவன் கை படலை நோக்கி உயர்ந்தது. அவன் அதையெல்லாம் நம்பினானோ இல்லையோ அவளுக்குத் தெரியாது. அவனுக்குமே தெரிந்திருக்காது. காற்று சரத்தை அவன் விரல் பக்கமாகத் தள்ளியது. கை இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தான். ஆட்கள் ஏற்கெனவே பாலத்தில் இருந்தார்கள்.

"இங்கன கெடந்து ஒத்தையாச் சாவுடி" என்றான்.

"சரிண்ணே."

அவன் போனபிறகு மீனைப் புரட்டிப் போட்டு மறுபக்கச் செதிலையும் சீவி முடித்தாள். வீடு நிற்கும். ஞாயிற்றுக்கிழமையும் நிற்கும், அதற்குப் பிறகும் நிற்கும். இனிமேல் யாரும் இந்தப் படலைத் தாண்டமாட்டார்கள். உப்புக்குக்கூட யார் வீட்டிலும் போய் நிற்க முடியாது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு இஞ்ஞாசிமுத்து கேட்டிலிருந்து வந்தான். கடைத்தெரு வழியாக வந்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. படலுக்கு வெளியே நின்றான்.

"அத எடு. உள்ள வரணும்."

"கொக்கி குத்தாது. குனிஞ்சு வாங்க."

அவன் குனியவில்லை. ஆறு வருஷமாக அவன் முன்னால்தான் அவள் அவற்றைக் கட்டியிருக்கிறாள். நூலின் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவன் விரலில் சுற்றியிருக்கிறாள். இறகு பறக்காமல் கையால் மூடிக்கொண்டு சிரித்திருக்கிறான்.

இப்போது நெற்றியிலும் மார்பிலும் இரண்டு தோளிலும் சிலுவை போட்டுக்கொண்டான். வேகமாகத்தான் போட்டான், அவள் பார்க்கவில்லை என்று நினைத்து. பிறகு சரம் தலையில் படாதபடி நன்றாகக் குனிந்து, ஏறக்குறையத் தவழ்ந்து உள்ளே வந்தான்.

அவள் சோறு போட்டாள். வறுத்த மீனில் நடுத்துண்டை எடுத்து வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வயித்துக்குச் சரியில்ல. மோரு இருந்தா ஊத்து" என்றான்.

மோர் ஊற்றினாள். அவன் தட்டிலிருந்த துண்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு, இரண்டு பேர் பங்கையும் அவளே சாப்பிட்டு முடித்தாள்.